உடையாத எலும்பு சொல்லும் செய்தி

தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகானர் மக்களிடையே ஸ்க்லிரோஸ்டியோசிஸ் என்றொரு அரிய நோய் உண்டு. இந்த நோயுள்ள குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே விரல்கள் ஒட்டியிருக்கும். வளர வளர எலும்பு தடித்துக்கொண்டே போகும். மண்டையோடு தடித்து நரம்புகளை நெருக்குவதால் முகத் தசைகள் செயலிழக்கும். காது கேட்காமல் போகும். ஆனால் இவர்களுக்கு எலும்பு முறிவது மிக மிக அபூர்வம்.

காரணம் 2001இல் தெரியவந்தது. 17ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்ஓஎஸ்டி என்ற மரபணு, தாய் வழியிலும் தந்தை வழியிலும் பழுதாகி வந்திருந்தது. எலும்புக்குள் புதைந்து வாழும் செல்கள் இந்த மரபணுவைக் கொண்டு ஸ்க்லிரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. எலும்பு கட்டும் செல்களுக்கு 'போதும்' என்று சொல்வது அந்தப் புரதம்தான். அது இல்லாதபோது கட்டுமானம் ஓய்வதே இல்லை. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு நோய் வருவதில்லை. ஆனாலும் எலும்பு அடர்த்தி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் சிலவற்றில் அசாதாரண உறுதியுள்ள எலும்புகளை ஆராய்ந்தவர்கள் எல்ஆர்பி5 என்ற வேறொரு மரபணுவில் வந்து நின்றார்கள். ஸ்க்லிரோஸ்டின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை உருவாக்குவது இதுதான். அந்தக் குடும்பங்களில் இருந்த ஒரேயொரு எழுத்து மாற்றம், ஸ்க்லிரோஸ்டினைச் சரியாக ஒட்டவிடவில்லை. இதே மரபணு முற்றிலும் செயலிழந்தாலோ, சிறு வயதிலேயே எலும்பு நொறுங்குவதோடு பார்வையும் போகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு பலவீனமாவதற்கும் இந்த மரபணுக்களுக்கும் என்ன தொடர்பு? நம் எலும்பு வாழ்நாள் முழுவதும் கரைக்கப்பட்டு, மீண்டும் கட்டப்படுகிறது. கரைப்பதைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் கட்டுவதைவிடக் கரைவது முந்துகிறது. இந்த இழப்பு எல்லாப் பெண்களுக்கும் உண்டு. யாருக்கு அது எலும்புப்புரை நோயாக முற்றுகிறது என்பதில், இளமையில் சேர்த்த எலும்பின் இருப்புக்குப் பெரும்பங்கு உண்டு. எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 50 முதல் 85 சதவீதம் வரை பரம்பரையால் வருவது என்று இரட்டையர் ஆய்வுகளும் குடும்ப ஆய்வுகளும் காட்டுகின்றன.

பெரும்பாலோருக்கு ஒற்றை மரபணு இதைத் தீர்மானிப்பதில்லை. பிரிட்டனில் 4,26,824 பேரின் தரவுகளை அலசி 2019இல் வெளியான ஆய்வு, எலும்பு அடர்த்தியோடு தொடர்புடைய 518 மரபணு இடங்களை அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. பல சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

அரிய நோய் தந்த அறிவு மருந்தாகவும் மாறியது. ஸ்க்லிரோஸ்டினைத் தடுக்கும் ரோமோசோசுமாப் ஊசிக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மாதவிடாய் நின்ற 7,180 பெண்களிடம் நடந்த சோதனையில், மருந்தில்லா ஊசி போட்டுக்கொண்டவர்களோடு ஒப்பிட, முதல் ஆண்டில் புதிய முதுகெலும்பு முறிவு 73 சதவீதம் குறைந்தது. எலும்பு முறியும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு மட்டுமே, மாதம் ஒருமுறையாக ஓராண்டு தரப்படுகிறது. கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குத் தரக்கூடாது.

உங்கள் ஆபத்தை அறிய மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பெலும்பு முறிந்ததுண்டா என்று வீட்டில் கேளுங்கள். எலும்பு முறிவின் ஆபத்தைக் கணக்கிடும்போது மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று. பதில் 'ஆம்' என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். முதல் முறிவு வரும்வரை காத்திருக்காதீர்கள்.