நழுவும் தோள்மூட்டும் நுண்துளைச் சிகிச்சையும்

பரண்மேல் இருக்கும் பெட்டியை எடுக்க ஒருவர் கையை உயர்த்துகிறார். தோள் இடம் விட்டு விலகுகிறது. உறக்கத்திற் புரண்டு படுக்கிறார், மீண்டும் விலகுகிறது. முதன்முதலில் கபடிக் களத்தில் வீழ்ந்தபோது நேர்ந்த இடர், பின்னர் அற்பக் காரணத்திற்கும் நேரத் தொடங்குகிறது. இத்தகையோருக்கு இன்று நுண்துளை வழியே அறுவைச் சிகிச்சை செய்கின்றனர். அதன் பயன் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. அதனைத் தாங்கும் குழியோ ஆழமற்றது. சிறு தட்டினை ஒத்தது. அக்குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்து வளையமும், அதனோடு இணைந்த தசைநார்களுமே பந்தை நிலைநிறுத்துகின்றன. தோள் முன்புறமாக விலகும்போது இவ்வளையம் எலும்பினின்றும் பிய்ந்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் விலகுவதற்கு இதுவே காரணம் என்று லண்டன் மருத்துவர் பாங்கார்ட் 1923-இல் எடுத்துரைத்தார். பிய்ந்ததைத் திரும்ப எலும்போடு சேர்த்துத் தைப்பதே அவர் கண்ட வழி.

அன்று தோளைத் திறந்து செய்த அதே பணியை இன்று இரண்டு மூன்று சிறு துளைகளின் வழியே செய்கின்றனர். ஒரு துளையில் ஒளியும் படக்கருவியும் செல்லும். மற்றவற்றில் ஆயுதங்கள் செல்லும். நூல் கோத்த சிறு ஆணிகளைக் குழியின் விளிம்பிற் பதித்து, வளையத்தை இழுத்துக் கட்டுவர். தழும்பு சிறிது, முன்புறத் தசையை அறுக்க வேண்டுவதில்லை.

முதல் ஈராண்டுகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர். ஆனால் ஈராண்டு நலம் நிலைத்த நலம் அன்று. பத்தாண்டுகளும் அதற்கு மேலும் தொடர்ந்து கவனிக்கப்பெற்ற நோயாளரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான கட்டுரையில், நூற்றுக்கு 30 பேர் அளவில் விலகலோ தளர்ச்சியோ மீண்டும் தோன்றியமை காணப்பட்டது. முழுமையாக விலகியவர்கள் நூற்றுக்கு 16 பேர் அளவினர்.

இவ்வேறுபாடு எதனால் விளைகிறது? தைத்தவரின் கைத்திறன் மட்டும் காரணமன்று. எலும்பின் நிலையும் காரணமாகும். தோள் விலகுந்தோறும் குழியின் முன்விளிம்பு தேய்கிறது. பந்தின் பின்புறத்திலோ பள்ளம் விழுகிறது. பர்க்ஹார்ட், டி பீர் என்னும் இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. நுண்துளைச் சிகிச்சை பெற்ற 194 பேருள், எலும்புக் குறை பெரிதாக இல்லாதவரிடையே தோள் மீண்டும் நழுவியது நூற்றுக்கு 4 பேருக்கே. பெருங்குறை உடையவரிடையே நூற்றுக்கு 67 பேருக்கு. விளிம்பு உடைந்த கிண்ணத்திற்குத் துணியை மட்டும் கட்டிப் பயன் என்ன?

இருபது வயதிற்கு உட்பட்டோர், மோதி ஆடும் ஆட்டக்காரர், இயல்பிலேயே மூட்டு நெகிழ்ந்தோர் ஆகியோருக்கும் இடர் மிகுதி. எலும்பு தேய்ந்தவர்க்கு, 1954-இல் பிரெஞ்சு மருத்துவர் லாத்தார்ஜே விளக்கிய முறை பொருந்தும். அருகிலுள்ள எலும்பு முனையொன்றைத் தசைநாருடன் பெயர்த்துக் குழியின் முன் பொருத்துவது அம்முறை. அது உறுதி மிக்கது. ஆயினும் நரம்பிற்கு ஊறு முதலிய இடர்கள் அதிலும் உண்டு. எம்முறையாயினும், பல்லாண்டு கழிந்தபின் மூட்டுத் தேய்மானம் சிலருக்கு வரக்கூடும். சிகிச்சையே செய்யாது விட்ட தோளுக்கும் அது வருவதுண்டு.

ஆதலின் சிகிச்சைக்கு இசையுமுன் மருத்துவரை மூன்று வினாக்கள் கேளுங்கள். என் எலும்பு எவ்வளவு தேய்ந்துள்ளது? அதனைச் சி.டி. படம் எடுத்து அளந்தீர்களா? என் வயதிற்கும் தொழிலுக்கும் எம்முறை ஏற்றது?

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் பெயரும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. சிகிச்சை நடப்பது ஒரு நகரிலும், பத்தாண்டு கழித்துத் தோள் நழுவுவது மற்றொரு நகரிலுமாக இருத்தல் கூடும். என்ன செய்யப்பட்டது, எத்தனை ஆணிகள் பதிக்கப்பட்டன என்ற குறிப்பையும் படங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள். மொழி அறியாத ஊரிலும் அவை உங்களுக்காகப் பேசும். வலி நீங்கியவுடன் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். தைத்த தோளைக் காப்பதில் மருத்துவருக்குப் பாதிப் பங்கு, மறுபாதி நம்முடையதே.