நிற்காத மோட்டாரும் உவராகும் கிணறும்

இடம்பெயர்ந்து கடலோரத்தில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று கிணற்றடியில் மின்மோட்டாரும் உயரத்தில் தண்ணீர்த் தாங்கியும் உண்டு. வயலில் மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டி இறைத்த காலத்தில், வரம்பில் நின்று பார்த்து நாமே அதை நிறுத்தினோம். வீட்டிலோ அந்த வேலையைத் தாங்கிக்குள் தொங்கும் மிதவைச் சுவிட்ச்சிடம் விட்டுவிட்டோம். அது பழுதானால் மோட்டார் இரவிரவாக ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஓடட்டுமே என்று இருந்துவிடக் கூடாது. ஒரு குதிரைவலு மோட்டார் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகு மின்சாரம் எடுக்கும். அதைவிடப் பெரிய நட்டம் கிணற்றுக்குத்தான். பெரியநீலாவணையில் கிழக்கே கடல், மேற்கே வாவிப்பக்கம், நடுவே மணல்தரை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரம் கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பொதுக் கணக்கு. அப்படியானால் மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உவர் பல மடங்கு ஏறும். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் கிணறுகளைத் துப்புரவு செய்தபோது, அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்று நீர்வள அறிஞர்கள் எச்சரித்ததும் இதனால்தான்.

மோட்டார் நிற்கவில்லையென்றால் முதலில் மெயின் சுவிட்ச்சை அணையுங்கள். அதன் பின்னரே ஏறித் தாங்கியைப் பாருங்கள். பழுது எங்கே என்பதைத் தாங்கியே சொல்லிவிடும்.

1. தாங்கி நிரம்பி வழிந்தால்: பழுது சுவிட்ச் பக்கத்தில். மிதவையின் கயிறோ வயரோ குழாயில் சிக்கியிருக்கலாம்; எடுத்து விடுங்கள். மிதவைக்குள் நீர் புகுந்து பாரமேறினால் அது மேலெழாது, மாற்றவே வேண்டும். மிதவை தடையின்றி மிதக்கும்படி விட்டு, கீழே இறங்கி மின்சாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். நிரம்பிய தாங்கிக்கு மோட்டார் ஓடக் கூடாது. அப்போதும் ஓடினால், சுவிட்ச்சின் உள்ளே தொடுமுனைகள் தீப்பொறியில் ஒட்டிப் போயிருக்கலாம். அல்லது முன்பு யாரோ அவசரத்துக்கு இரு வயர்களையும் நேரே முடிந்து விட்டிருக்கலாம். இதை மின்வேலை தெரிந்தவரிடமே விடுங்கள். சுவிட்ச் உயிர்க்கம்பியைத் துண்டிக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நொதுமல் கம்பியைத் துண்டித்தால் மோட்டார் நின்ற பிறகும் அதில் மின் இருக்கும்.

2. தாங்கி நிரம்பாமலே ஓடினால்: சுவிட்ச்சில் குற்றமில்லை. தண்ணீர்தான் மேலே வந்து சேரவில்லை. கிணற்றில் நீர் வற்றி உறிஞ்சுகுழாயின் அடிவால்வு வெளியே தெரிகிறதா, வால்வில் குப்பை அடைத்துள்ளதா, குழாய் மூட்டில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். மலசலகூடத் தொட்டியோ திறந்து கிடக்கும் குழாயோ நீரை வழியவிடுகிறதா என்றும் பாருங்கள். நீரில்லாமல் ஓடும் பம்பின் சீல் விரைவில் கருகிவிடும். ஆகவே காரணம் தெரியும்வரை மீண்டும் போட வேண்டாம்.

ஈரக் கையோடு, அல்லது ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று வயரைத் தொடாதீர்கள். சுவிட்ச் பழுதுபார்க்கும்வரை கையால் போட்டுக் கையால் நிறுத்துங்கள்.

இன்றே இரண்டு வேலை செய்து வையுங்கள். தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் செல்கிறது என்று ஒருமுறை மணிக்கூடு பார்த்து, சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். வழிவுக்குழாயின் வாயை வீட்டின் பின்புறத்தில் மறைக்காமல், குசினி வாசலில் கண்ணில் படும்படி திருப்பி விடுங்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளையும் ஓடிப்போய் மெயின் சுவிட்ச்சை அணைக்கும். வயலில் நமக்கிருந்த அந்தக் கவனம் வீட்டுக்கும் வந்தால், நம் கிணறு பிள்ளைகளுக்கும் நன்னீர் தரும்.