கிராஞ்சிச் சேற்றில் பிறந்த காவல் நொதி

பொங்கோல் பலதுறை மருந்தகத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வரும் தாய்மாரில் பலருக்கு அகநச்சு என்ற பெயரே தெரிந்திருக்காது. சில வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் பொருள் அது. பாக்டீரியா செத்தாலும் அதன் நஞ்சு மிஞ்சும். கொதிக்க வைத்தாலும் போகாது. ரத்தத்தில் இம்மியளவு கலந்தாலே காய்ச்சல் வரும்; அளவு கூடினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதனால் ஊசி மருந்துகளில் அகநச்சு அளவு மீறாமல் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள்.

இந்தச் சோதனைக்கு உலகம் நம்பியிருந்தது குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தை. அகநச்சு பட்டதும் அந்த ரத்தம் உறைந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட்ரிக் பாங் 1956இல் இந்த உறைதலைப் பற்றி எழுதினார். 1977இல் அமெரிக்க அரசு சோதனைக்கு அனுமதி தந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான நண்டுகளைப் பிடித்து, ரத்தம் எடுத்து, கடலில் விடுகிறார்கள். எல்லாமே பிழைப்பதில்லை. ஆசியாவின் ஓர் இனம் 2019இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

மாற்று வழி பிறந்தது நம் ஊரில்தான். 1980களில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் தம்பதியிடம் ஒரு மருத்துவச் சிக்கல் வந்தது. செயற்கைக் கருத்தரிப்பில் கருக்கள் நிலைக்கவில்லை. அகநச்சு காரணமாக இருக்குமோ என்ற சந்தேகம். வெளிநாட்டுச் சோதனைப் பொருளோ கொள்ளை விலை. இருவரும் கிராஞ்சி முகத்துவாரத்துச் சதுப்புநிலக் குதிரைலாட நண்டை நாடினார்கள். பொங்கோல் முனையிலிருந்து நாம் பார்க்கும் அதே ஜோகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் இருக்கிறது அந்த முகத்துவாரம்.

அந்த நண்டின் ரத்தத்தில் அகநச்சை முதலில் உணரும் நொதிக்கு ஃபேக்டர் சி என்று பெயர். அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து ஈஸ்டில் வளர்த்துப் பார்த்தார்கள். சரியாக வேலை செய்யவில்லை. பூச்சிச் செல்களுக்குள் செலுத்தியபோதுதான் நொதி உயிர்ப்போடு கிடைத்தது. சும்மா இருக்கும் அந்த நொதி, அகநச்சு தொட்டதும் விழித்துக்கொண்டு, கூடவே கலந்திருக்கும் பொருளை வெட்டும். அப்போது ஒளி தெரியும். நண்டின் ரத்தமே தேவையில்லை. பூஞ்சைப் பொருள்களைக் கண்டு ஏமாறுவதும் இல்லை; பழைய சோதனைக்கு அந்தக் குறை உண்டு.

இவ்வளவு நல்ல பொருள் 2003இல் விற்பனைக்கு வந்தும் ஏனோ மருந்து உலகம் அசையவில்லை. ஒரே ஒரு நிறுவனம் விற்றது, விதிமுறை நூல்கள் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருந்தன என்பவை காரணங்கள். ஐரோப்பிய மருந்துநூல் 2021இல் ஏற்றது. அமெரிக்க மருந்துநூலின் புதிய அத்தியாயம் 2025 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுத் தாமதம் நண்டுகளுக்கு நேர்ந்த அநீதி என்றே நான் சொல்வேன்.

இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. துவாஸில் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களே, இந்த மண்ணில் உருவான நொதிக்கு இந்த மண்ணிலேயே முதலிடம் கொடுங்கள்.