தந்தை காக்கும் கூடு

முட்டையைக் காப்பதும் குஞ்சைப் பேணுவதும் தாயின் கடமை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். அடைகாக்கும் கோழியைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா நாம்! வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் வாழும் 'புளூகில்' என்னும் மீனோ இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிவிடுகின்றது.

சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்த இது, உள்ளங்கை போலப் பரந்த உடலுடையது. செவுள்மூடியின் ஓரத்தில் காதுமடல்போல் ஒரு கருமையான பொட்டு உண்டு. நீரின் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை செல்சியசை எட்டியதும் ஆண்மீன் கரையோரத்தை நாடி வருகின்றது. வாலை விசிறி மணலை ஒதுக்கி, வட்டமான குழியொன்றைத் தோண்டுகின்றது. தோட்டத்து லயன் அறைகள்போலப் பல ஆண்களின் குழிகள் நெருங்கி அமைகின்றன. நடுவிலுள்ளவற்றுக்கே பாதுகாப்பு அதிகம். முட்டை தின்ன வரும் பகைமீன்கள் ஓரத்துக் குழிகளையே முதலில் நாடுகின்றன.

பெண்மீன் முட்டையிட்டதும் போய்விடும். பின்னர் எல்லாம் தந்தையின் பொறுப்பே. செட்டைகளை அசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் பாய்ச்சுவதும், அணுகுவோரைத் துரத்துவதுமாக இரைதேடலையும் மறந்து அது மெலிந்துபோகின்றது.

இத்தகைய வீட்டிலும் வஞ்சகம் புகுவதுண்டு. கனடாவின் ஒபினிக்கோன் ஏரியில், கூடு கட்டும் ஆண் பருவமடைய ஏறத்தாழ 7 ஆண்டுகள் செல்லும். வேறு சில ஆண்களோ 2 வயதிலேயே பருவமடைந்து, நீர்ச்செடிகளிடையே பதுங்கியிருந்து, முட்டையிடும் கணத்தில் பாய்ந்து தம் வித்தைக் கலந்துவிட்டு ஓடுகின்றன. சற்று வளர்ந்தபின் பெண்ணின் நிறமும் நடையும் பூண்டு உள்ளே நுழைகின்றன! முட்டைப் பருவத்தில் ஏமாறும் தந்தை, குஞ்சு பொரித்தபின் மணத்தால் உண்மையை ஓரளவு உணர்கின்றது. தன் குஞ்சுகள் குறைவெனின் காவலையும் தளர்த்திவிடுகின்றது. இதைக் கல்நெஞ்சம் என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

தன் முட்டைகளை இவ்வாறு காக்கும் இம்மீனுக்குப் பிற மீன்களின் முட்டைகள் இரையாகும். அதன் விளைவை யப்பான் அறியும். 1960 இல் அமெரிக்கா சென்ற முடிக்குரிய இளவரசர் அக்கிஹித்தோவுக்குச் சிக்காக்கோ நகர மேயர் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். உணவுக்கு உதவும் என்ற நல்லெண்ணத்துடன் அவை ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கிருந்து நாடெங்கும் பரவி, மிகப் பெரிய ஏரியான பிவாவிலும் பெருகின. அவ்வேரியின் சொந்த மீன்கள் குறைந்ததற்கு நாணற்கரைகள் அழிந்தமையும் ஒரு காரணமே. ஆயினும், அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் விழுங்கிய புளூகில்லின் பங்கு சிறிதன்று. யப்பானிலுள்ள புளூகில்கள் யாவும் மிசிசிப்பி ஆற்றிலிருந்து வந்த 15 மீன்களின் வழித்தோன்றல்கள் என்று மரபணு ஆராய்ச்சி காட்டுகின்றது.

அக்கிஹித்தோ மீனியலில் தேர்ந்த ஆராய்ச்சியாளர். பேரரசராகிய பின், 2007 இல் பிவா ஏரி அமைந்த சீகா மாநிலத்தில் நடைபெற்ற விழாவொன்றில், இம்மீனைக் கொண்டுவந்தவர் தாமே எனக் கூறி மனம் நொந்தார். இன்று அவ்வேரிக்கரையில், தூண்டிற்காரர் தாம் பிடித்த புளூகில்லை மீண்டும் நீரில் விடாது போடுவதற்கென்றே பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன.