மீனுக்கும் மருதமரத்துக்கும் ஒரு பங்கு

கொள்ளேகாலை அடுத்துள்ள சிவனசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என்ற அருவிகளாக விழுகிறது. 1902இல் இங்கே எடுத்த மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. அருவியைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அதற்குக் கீழே தொடங்கும் காட்டாற்றை அறிந்தவர்கள் குறைவு.

அங்கிருந்து ஒகேனக்கல் நோக்கி, மலைகளுக்கு நடுவே ஆறு இறங்குகிறது. இந்தப் பகுதியைக் கர்நாடக அரசு 1987இல் காவிரி வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. தமிழகப் பக்கத்துக் காடு 2022இல் காவிரி தெற்கு சரணாலயம் ஆனது. மலைச்சரிவெல்லாம் முள்ளும் புதருமான வறண்ட காடு. கரையோரத்தில் மட்டும் கோடையிலும் வாடாத பசுமை. யானைகள் தண்ணீருக்கு இங்கேதான் இறங்குகின்றன.

அந்தப் பசுமையைத் தாங்குவது நீர்மருது. வெளிறிய, வழவழப்பான பட்டை கொண்ட இம்மரத்தின் வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் சாம்பல் நிற மலை அணில் இதன் உச்சியில் கூடு கட்டும். தரையில் இறங்க அஞ்சும் அணில் அது; கிளையோடு கிளை தொட்டால்தான் அடுத்த மரத்துக்குப் போகும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துவிடும்.

தண்ணீருக்குள் முதலையும் நீர்நாயும் உண்டு. ஆனால் இந்த ஆற்றுக்கே உரியது திமில் மஹ்சீர் என்னும் மீன். 50 கிலோவைத் தாண்டி வளர்ந்த மீன்கள் காவிரிப் படுகையில் பிடிபட்டதுண்டு. தூண்டில்காரர்கள் 1873 முதலே இதைப் பற்றி எழுதிவந்தாலும், இது எந்த இனம் என்பதை ஆய்வாளர்கள் 2018இல்தான் உறுதிசெய்தார்கள். அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் இது ஏறியது.

ஏன் இந்த நிலை? மஹ்சீர்கள் வெள்ளக் காலத்தில் எதிர்நீச்சலிட்டு மேலேறிக் கூழாங்கல் படுகையில் முட்டையிடும். கோடையில் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். அணைகள் வழியை மறித்தன. மணல் அள்ளுவது படுகையைக் கெடுத்தது. வெடிவைத்து மீன் பிடிப்பவர்கள் மடுக்களைக் காலிசெய்தார்கள். பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீரை ஆற்றில் விட்டதால், இரைக்கும் இடத்துக்கும் போட்டி கூடியது.

இதே காவிரியில் மேலே உள்ள ரங்கன்திட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு 2022இல், ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் தகுதி கிடைத்தது. ராம்சர் உடன்படிக்கை ஓடும் ஆற்றையும் ஈரநிலமாகவே கொள்கிறது. அந்தக் கண்ணோட்டம் கொள்ளேகாலுக்குக் கீழே உள்ள ஆற்றுக்கும் வேண்டும். இப்பகுதியிலுள்ள மேகதாதுவில் கர்நாடகம் திட்டமிடும் அணை எழுந்தால் சரணாலயக் காட்டின் பெரும்பரப்பு மூழ்கும். ஓடும் ஆறு தேங்கிய நீராகும்.

காவிரியை டி.எம்.சி. கணக்கில் மாநிலங்கள் பங்கு பிரிக்கின்றன. மடுக்கள் வற்றாத அளவுக்குக் கோடையில் ஆற்றை ஓடவிடுவதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். மீனுக்கும் மருதமரத்துக்கும் உரிய பங்கு அது. அதற்காகக் கர்நாடகமும் தமிழகமும் சேர்ந்தே குரல் கொடுக்கலாம்.