ஊவாவின் தலைநகர் பதுளை

நகரம் ஒன்றின் எல்லையை மாநகர சபை நாட்டிய கற்கள் காட்டும். அந்நகரம் யாரால் வாழ்கிறது என்பதை அவை காட்டமாட்டா. ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், பதுளு ஓயா வளைந்தோடும் பள்ளத்தாக்கில் இந்நகர் அமைந்துள்ளது. தென்கிழக்கே நமுனுகுலை மலை ஓங்கி நிற்கிறது. நகரின் நடுவே உள்ள முத்தியங்கனை விகாரை, பௌத்தர் போற்றும் பதினாறு புண்ணியத் தலங்களுள் ஒன்று. பழமை வாய்ந்த கதிர்காமத் தேவாலயமும் இங்கே உண்டு.

பதுளை போரின் வெம்மையையும் அறிந்த ஊர். 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா படையுடன் வந்து இதனைத் தீக்கிரையாக்கினான். திரும்பும் வழியில் வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலையில் கண்டிப் படையிடம் சிக்கி அவனும் மடிந்தான். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஊவாவும், இன்றைய மொனராகலை மாவட்டத்தைச் சார்ந்த வெல்லஸ்ஸையும் கிளர்ந்தெழுந்தன. வெல்லஸ்ஸ என்பதற்கு இலட்சம் வயல்கள் என்று பொருள் கூறுவர். கிளர்ச்சியை அடக்க வந்த படைகள் அவ்வயல்களைப் பாழாக்கின, கிராமங்களை எரித்தன. தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல 1818இல் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அதன்பின் மலைச்சரிவுகளிலே காடு அழிந்து கோப்பி தோன்றியது. அதனைப் பயிரிடத் தமிழகத்திலிருந்து ஏழை மக்கள் கங்காணிமாரின் பின்னே நெடுவழி நடந்து வந்தனர். வழியிலேயே மாண்டோரும் பலர். 1869இல் தலைகாட்டிய இலைநோய் நாளடைவில் கோப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி நறுமணம் ஊட்டுகிறது. உலகச் சந்தையில் அதற்குப் பெயர் தேடித் தந்தது இந்த மணமே.

1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகராயிற்று. 1894இல் பண்டாரவளையை எட்டிய புகையிரதப் பாதை, பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. காரணம் மலையின் செங்குத்தான இறக்கமே. தெமோதரையிலே பாதை வட்டமிட்டு இறங்கி, நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்கிறது. 1924 முதல் பதுளையே இப்பாதையின் கடைசி நிலையம். தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கின. அரிசியும் துணியும் மலைக்கு ஏறின. சம்பளம் கிடைத்த பின் தோட்ட மக்கள் கடைவீதிக்கு வந்தாலன்றி வாணிபம் களைகட்டாது.

இவ்வாறு நகருக்கு வாழ்வளித்தோருக்கு நாட்டில் உரிமை நிலைக்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் பதுளையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 1964இல் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. பலர் உற்றாரைப் பிரிந்து, தலைமன்னார் சென்று கப்பலேறினர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்ந்தது.

இன்று பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் உண்டு; தேயிலைத் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. தோட்டத்து லயன் அறையில் பிறந்த பிள்ளை, தன் பாட்டி கொழுந்து பறித்த செடியைப் பற்றிய அறிவியலை அங்கே பயிலக் கூடுமாயின், நகரம் தான் பட்ட கடனில் ஒரு பகுதியைத் தீர்த்ததாகும். பதுளையைக் காண வருவோர் துன்கிந்தை அருவியைக் கண்டு மகிழ்வர். நகரைச் சூழ்ந்துள்ள பச்சைச் சரிவுகளையும் அவர்கள் சற்றே நின்று நோக்குவாராக. நகரின் வரலாற்றிற் பெரும்பகுதி ஆங்கேதான் இருக்கிறது.