சிறு கணிப்பொறியும் கோடை வெப்பமும்

மின்சாரம் பாயும் கருவிகள் யாவும் வெப்பத்தை ஈனும். அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும்போதுதான் தீங்கு விளைகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறிகளுக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும்.

பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் கணிப்பொறியியல் கற்க வேண்டும் என்னும் நோக்குடன், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து 2012ஆம் ஆண்டு ராஸ்பெரி பை வெளிவந்தது. அதன் முதல் வடிவின் விலை 35 டாலர். 2019இல் வெளிவந்த நான்காம் வடிவு, முழுவேகத்தில் உழைக்கையில் ஏறத்தாழ 6 முதல் 7 வாட் மின்னாற்றலைச் செலவிடும். சிறிய விளக்கொன்றின் அளவேயாயினும், அதன் பெரும்பகுதி அஞ்சல் வில்லை அளவேயுள்ள நுண்செயலியில் வெப்பமாக மாறுகிறது.

இங்கே நினைவில் கொள்ளத்தக்க கணக்கு ஒன்றுண்டு. நுண்செயலியின் வெப்பம் அறையின் வெப்பத்தின் மேல் ஏறி நிற்பது. உழைப்பினால் 45 பாகை உயர்கிறது எனக் கொள்வோம். 25 பாகையுள்ள அறையில் அது 70 பாகையில் நிற்கும். மேல்மலையனூர் வட்டாரத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின்கீழ் 40 பாகையுள்ள அறையில் அதுவே 85 பாகையாகிவிடும். நுண்செயலியோ 80 பாகையை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. இது பழுதன்று, தற்காப்பு. இதனை அறியாதார், 'கருவி கெட்டுவிட்டது' என்று ஒதுக்கிவிடுவர். ஊரகப் பள்ளியொன்றில் ஒரு கணிப்பொறி முடங்கினால் பல மாணவரின் கல்வி முடங்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தடுக்கும் வழிகள் எளியனவே. அமாவாசை இரவில் மேல்மலையனூரில் திரளும் பெருங்கூட்டம் கலைய அகன்ற வழிகள் தேவைப்படுதல்போல, வெப்பம் கலையவும் அகன்ற பரப்புத் தேவை. நுண்செயலியின்மேல் பொருத்தப்படும் அலுமினியச் சிறகுத் தகடு அப்பரப்பை அளிக்கிறது. அலுமினியம் அசைவற்ற காற்றைவிட ஏறத்தாழ 9,000 மடங்கு வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆதலின், தகட்டுக்கும் நுண்செயலிக்கும் இடையே மெல்லிய காற்றிடைவெளி இருப்பினும் பயன் குன்றும். வெப்பம் கடத்தும் பசையால் அவ்விடைவெளியை நிரப்புதல் இன்றியமையாதது.

அடுத்தது காற்றோட்டம். சூடேறிய காற்று மேலெழும் இயல்பினது. எனவே பெட்டியின் கீழும் மேலும் துளைகள் வேண்டும். பலகையைப் படுக்கவைப்பதினும் நிமிர்த்தி வைப்பது நன்று. சிறு விசிறி பொருத்தினால் பயன் மிகும். ஆயினும் நம் ஊர்ப் புழுதி அதில் படியுமாதலால், மின்னிணைப்பைத் துண்டித்து, மாதமொரு முறை மென்தூரிகையால் துடைத்தல் நலம். தூசு படியாதிருக்கத் துணியால் போர்த்துவதும், மூடிய அலமாரிக்குள் வைப்பதும் வெப்பத்தைச் சிறைவைக்கும் செயல்களாம். மண்பானை நீர் ஆவியாகிக் குளிர்கிறதே என்று ஈரத்துணியை அருகில் வைத்தலும் கூடாது. ஈரம் மின்சுற்றுக்குப் பகை.

மூன்றாவது வழி செலவற்றது. நுண்செயலியின் துடிப்பு வேகத்தைச் சற்றே குறைத்தால் மின்னழுத்தமும் குறையும். மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப மின்செலவு அமைவதால், வேகம் குறைந்ததினும் கூடுதலாக வெப்பம் தணியும். கடும்பணிகளை விடியற்காலத்திற்கு ஒதுக்குவதும் அறிவுடைமை. வெப்பநிலையைக் கணிப்பொறியே ஒரு கட்டளையில் காட்டும். உச்சிவேளையில் அதனைப் பார்த்துக் குறித்துவரும் பழக்கம் மாணவர்க்கு வேண்டும்.

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலைக் கண்டோர், அதன் வளைவுகளின் வழியே காற்று உலவுதலை உணர்ந்திருப்பர். வெப்பத்தோடு வாழ நம் முன்னோர் கண்ட வழி, காற்றுக்கு வாயில் திறந்துவைத்தலே. ஒரு சாண் பெட்டிக்குள் இயங்கும் கருவிக்கும் அவ்வழியே ஏற்றது. கோடையில் கணிப்பொறி தளருமாயின், அதனைப் பழிக்குமுன் அதற்கு மூச்சுவிட இடமளித்தோமா என்று நோக்குதல் நம் கடன்.